சர்வகட்சி அரசாங்கமா, இடைக்கால ஏற்பாடா, உடனடித் தேர்தலா? 2022 இல் இலங்கையின் முன் இருந்த வழிகள் – ஓர் ஒப்பீடு

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இரவு, பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவைத் தவிர அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. மறுநாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, பாராளுமன்றத்தில் ஆசனம் உள்ள எல்லாக் கட்சிகளையும் அமைச்சுப் பதவிகளை ஏற்க வருமாறு அழைத்தார். பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி மறுத்தது. இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) மறுத்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் மறுத்தது. ஏப்ரல் 5 இல் ஆளும் அணியைச் சேர்ந்த 40 க்கும் மேற்பட்டோர் இனித் தனித்து இயங்குவோம் என்றார்கள். அன்று தொடங்கிய இழுபறி ஜூலை 20 வரை நீண்டது. இடையில் ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டொலருக்கும் குறைவு என்று மே 4 இல் நிதியமைச்சர் அலி சப்ரி சபையில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, வரலாற்றில் முதல் தடவையாக நாடு கடன் தவறியது.

அந்த நாட்களில் பேசப்பட்ட வழிகள் பல. ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சபையில் எத்தனை வாக்கு வேண்டும்? எத்தனை நாள் பிடிக்கும்? அதுவரை சர்வதேச நாணய நிதியத்துடன் பேசவும் எரிபொருள் கப்பலுக்கு வங்கிக் கடனுறுதிக் கடிதம் திறக்கவும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? விலையையும் வரியையும் உயர்த்தும்போது பழியை யார் சுமப்பது? கட்சிகள் மேடையில் முதல் இரண்டைப் பற்றியே பேசின. முடிவைத் தீர்மானித்தது நான்காவது.

சபையின் கணக்கு

மொத்தம் 225 ஆசனங்கள். 113 சாதாரண பெரும்பான்மை, 150 மூன்றில் இரண்டு. 2020 ஓகஸ்ட் தேர்தலில் ராஜபக்ஷக்களின் ஆளும் கட்சியான பொதுஜன பெரமுனவுக்கு 145, ஐக்கிய மக்கள் சக்திக்கு 54, கூட்டமைப்புக்கு 10, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு 3. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது தேசியப் பட்டியலில் ஒரேயொரு ஆசனம். அதே 2020 இன் ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20 ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியபோது, ஜனாதிபதியின் கையில் ஏறக்குறைய எல்லா அதிகாரமும் போய்ச் சேர்ந்தது. பிரதமரை நீக்கும் அதிகாரமும் அதில் அடக்கம்.

2022 ஏப்ரலில் 40 பேர் விலகியதும் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். மே 5 ஆம் திகதி நடந்த பிரதிச் சபாநாயகர் தெரிவு உண்மை நிலையைக் காட்டியது. விலகிய அணியின் வேட்பாளர் ரஞ்சித் சியம்பலாபிட்டியவையே பெரமுனவும் ஆதரித்தது. அவருக்கு 148, ஐக்கிய மக்கள் சக்தியின் இம்தியாஸ் பாக்கீர் மாக்காருக்கு 65. மே 17 இல் ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதத்துக்கு எடுக்க கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் கோரியபோது ஆதரவு 68, எதிர்ப்பு 119. 'சுயாதீனம்' என்று அறிவித்தவர் எல்லோரும் எதிரணி வாக்கு ஆகிவிடுவதில்லை. கூட்டணி பேசும்போது அறிக்கைகளை எண்ணாமல், கடைசியாக நடந்த வாக்கெடுப்பை எண்ணுவதுதான் பாதுகாப்பு.

வழி 1: ஜனாதிபதி இருக்க, எல்லோரும் அமைச்சரவையில் சேர்வது

ஏப்ரல் 4 இல் முன்வைக்கப்பட்டது இதுதான். காகிதத்தில் இது மிக விரைவானது. வாக்கெடுப்பு வேண்டாம், நியமனக் கடிதமும் சத்தியப்பிரமாணமும் போதும், ஒரே நாளில் முடியும். ஆனால் 20 ஆம் திருத்தத்தின் கீழ் அமைச்சுக்களைப் பிரிப்பதும் மாற்றுவதும் பறிப்பதும் ஜனாதிபதியின் விருப்பமாக இருந்தது. சேரும் கட்சிக்குப் பொறுப்பு முழுவதும் வரும், அதிகாரம் வராது. தெருவில் மக்கள் கேட்டதே அவருடைய விலகலைத்தான். அந்த நேரத்தில் அவருக்குக் கீழே பதவி ஏற்பது எந்த எதிர்க்கட்சிக்கும் தற்கொலை.

கட்சியாகச் சேர மறுத்தால் ஆட்களாகப் பிரித்தெடுப்பார்கள் என்பது இதன் அடுத்த கட்டம். மே 20 இல் ஐக்கிய மக்கள் சக்தியின் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் அமைச்சர்களானார்கள். கட்சி அவர்களை வெளியேற்றியது. அப்படி வெளியேற்றப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம் என்கிறது அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரை. வெளியேற்றம் சரியே என்ற தீர்ப்பு 2024 ஓகஸ்டில்தான் வந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக அமைச்சராக இருந்த பிறகு ஆசனம் போவது யாரையும் தடுக்கும் தண்டனை அல்ல. ஆகவே கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டத்தை நம்பிப் பயனில்லை. பேச்சுவார்த்தை இழுபட இழுபட ஆட்கள் கழன்று போவார்கள் என்று வைத்தே திட்டம் போட வேண்டும்.

வழி 2: எதிரணித் தலைவர் பிரதமர், ஜனாதிபதி விலகத் திகதி குறித்தல்

மே 9 இல் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டார்கள், நாடெங்கும் வன்முறை வெடித்தது, மஹிந்த பதவி விலகினார். அடுத்த மூன்று நாட்கள்தான் இந்த வழிக்கு இருந்த வாசல். ஜனாதிபதி முதலில் விலக வேண்டும் என்பது ஐக்கிய மக்கள் சக்தித் தலைவர் சஜித் பிரேமதாசவின் நிலைப்பாடு. பிறகு அது, குறித்த காலத்துக்குள் விலக வேண்டும் என்று இளகியது. நிபந்தனைகளோடு பொறுப்பேற்கத் தயார் என்ற கடிதம் மே 12 இல் போனது. அதற்குள் ஐக்கிய தேசியக் கட்சியின் ஒரே உறுப்பினரான ரணில் விக்ரமசிங்கவுடன் ஜனாதிபதியின் பேச்சு முடிந்துவிட்டது. அன்று மாலையே அவர் ஆறாவது தடவையாகப் பிரதமரானார்.

இங்கே முட்டுக்கட்டை ஆசனங்களைப் பற்றியதே அல்ல. முதலில் எது நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. 'நீங்கள் போனால் நாங்கள் வருவோம்' என்றது ஒரு தரப்பு. 'நீங்கள் வந்தால் பார்க்கலாம்' என்றது மறுதரப்பு. இரண்டையும் ஒரே தாளில், ஒரே நாளில் நடக்கும்படி எழுத நடுவர் யாரும் இருக்கவில்லை. சபாநாயகர் அந்த வேலையை ஏப்ரலிலேயே செய்திருக்கலாம். கட்சித் தலைவர்கள் கூட்டத்தைக் கூட்டி, பதவி விலகல் திகதியையும் புதிய பிரதமரின் பெயரையும் ஒரே ஆவணத்தில் பதிந்திருக்க முடியும். கட்சித் தலைவர்கள் கூடி விலகலைக் கோரியதே ஜூலை 9 மாலைதான், மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த பிறகு.

தனி ஆசனத்தோடு பிரதமரை நியமிப்பது சட்டப்படி சரிதான். சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று ஜனாதிபதி கருதும் உறுப்பினரை நியமிக்கலாம், உடனே வாக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. ஆனால் அப்படி வருபவர் யாருடைய வாக்கில் நிற்கிறார் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். ரணில் நின்றது பெரமுனவின் வாக்கில். மே 25 வரை நிதியமைச்சர் பதவியே நிரப்பப்படாமல் கிடந்தது. நாட்டில் பெற்றோல் ஒரு நாளுக்குத்தான் இருக்கிறது என்று அவரே மே 16 இல் சொன்ன அதே வாரங்கள் அவை.

வழி 3: கால எல்லை உள்ள சிறிய இடைக்கால அரசாங்கம்

ஏப்ரல் இறுதியில் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் முன்வைத்த யோசனை இது. 15 பேர் கொண்ட அமைச்சரவை, தேசிய ஐக்கிய இடைக்கால அரசாங்கம் என்ற பெயர், 20 ஆம் திருத்தத்தை நீக்குதல், கால எல்லை முடிந்ததும் தேர்தல். நான்கு கேள்விக்கும் ஓரளவாவது பதில் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

இதன் பலவீனம் எங்கே? அமைச்சரவைக்குள் எல்லாக் கட்சியும் இருக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில். 15 நாற்காலியை 225 பேர் உள்ள சபையின் கட்சிகளுக்குப் பங்கிடும்போது பேச்சு முழுக்க நாற்காலியைச் சுற்றியே போகும். அதைவிட முக்கியம், அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. மின்கட்டணத்தை உயர்த்தும் முடிவை உள்ளே ஆதரித்துவிட்டு வெளியே வந்து எதிர்க்க முடியாது. அடுத்த தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கப்போகும் கட்சிகள் இதை ஏற்பது கடினம்.

கிரேக்கம் 2011 நவம்பரில் இதைச் செய்து பார்த்தது. வங்கியாளர் லூக்காஸ் பப்பாடிமோஸ் பிரதமர், மூன்று கட்சிகள் ஆதரவு, 300 பேர் சபையில் 255 பேரின் நம்பிக்கை வாக்கு. 2012 பெப்ரவரியில் இரண்டாவது மீட்புக் கடனுக்கான வாக்கெடுப்பில் அது 199 ஆகச் சுருங்கியது. இரண்டு பெரிய கட்சிகளும் கட்டளையை மீறிய 40 க்கும் மேற்பட்ட தங்கள் உறுப்பினர்களை வெளியேற்றின. ஆனாலும் கடன் ஒப்பந்தம் நிறைவேறியது. அந்த அரசாங்கம் ஒரு வேலைக்காகக் கூட்டப்பட்டது, வேலை முடிந்ததும் மே மாதத்தில் தேர்தலுக்குப் போனது. அதைக் காப்பாற்றியது குறுகிய காலமும் ஒற்றை இலக்கும்.

இத்தாலியின் மரியோ மொன்டி செய்ததுபோல் வெளியாட்களை மட்டும் வைத்து அமைச்சரவை அமைக்க இலங்கையில் இடமில்லை. அமைச்சர் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். ஒரே வாசல் தேசியப் பட்டியலின் 29 ஆசனங்கள். அதற்கும் ஒருவர் விலகி இடம் விட வேண்டும். 2022 ஜூனில் பசில் ராஜபக்ஷ விலகிய இடத்துக்கு வர்த்தகர் தம்மிக்க பெரேரா வந்து அமைச்சரானது இப்படித்தான். நிபுணர் அமைச்சரவை என்று பேசுவோர் முதலில் எந்தக் கட்சி எத்தனை பட்டியல் ஆசனத்தை விட்டுக்கொடுக்கும் என்று எழுதி வாங்க வேண்டும். ஆனால் நிபுணர்களை வேறு இடத்தில் வைக்கலாம். ஏப்ரலில் மத்திய வங்கி ஆளுநராக நந்தலால் வீரசிங்கவும், திறைசேரிச் செயலாளராக மஹிந்த சிறிவர்தனவும் வந்தார்கள். ஏப்ரல் 8 இல் வட்டி வீதம் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்ந்ததும், நான்கு நாளில் கடன் நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும், அமைச்சரவை என்று சொல்ல எதுவும் இல்லாத வாரத்தில்தான். அரசியல் முட்டுக்கட்டை நீளும் என்று தெரிந்தால் இந்த இரண்டு நாற்காலிகளை முதலில் நிரப்ப வேண்டும்.

வழி 4: குற்றப் பிரேரணை

ஜனாதிபதியைப் பாராளுமன்றம் பதவி நீக்கும் வழி இது. இதில் நீண்ட நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 38 ஆம் உறுப்புரைப்படி முதலில் கையெழுத்துத் திரட்டல், பிறகு 150 வாக்கோடு தீர்மானம், பிறகு உயர் நீதிமன்ற விசாரணை, அது குற்றம் கண்டால் மறுபடி 150 வாக்கு. விசாரணைக்குக் கால எல்லை கிடையாது. மே 17 இல் 68 வாக்கு இருந்த இடத்தில் 150 எங்கிருந்து வரும்? 1991 இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிரான முயற்சியில் கையெழுத்திட்ட சிலர் பின்வாங்கினார்கள், சபை அமர்வு ஒத்திவைக்கப்பட்டது, கடைசியில் பிரேரணை நிராகரிக்கப்பட்டது. இந்த வழிக்கு ஒரே பயன்: சபாநாயகர் பிரேரணையை ஏற்றுவிட்டால் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. தற்காப்புக்கு ஆகும், ஆட்சி அமைக்க ஆகாது.

வழி 5: உடனடித் தேர்தல்

மக்களிடம் போவது நியாயமான கோரிக்கை. ஜே.வி.பி. குறுகிய காலத்துக்குள் தேர்தல் என்று தொடர்ந்து வலியுறுத்தியது. சட்டமும் பணமும்தான் தடை. முதல் அமர்விலிருந்து இரண்டரை வருடம் ஆகும் வரை, அதாவது 2023 பெப்ரவரி வரை, சபையே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலொழியக் கலைக்க முடியாது. ஆசனத்தை இழக்கப்போவது நிச்சயம் என்று தெரிந்த 145 பேர் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குவார்களா?

கலைத்தாலும், வேட்பு மனு முதல் வாக்களிப்பு வரை ஏறத்தாழ இரண்டு மாதம். அந்த இடைவெளியில் வரிச் சட்டமும் வரவுசெலவுத் திட்டத் திருத்தமும் நிறைவேற்றச் சபை இருக்காது. ஜனாதிபதி அரசின் பொதுக் கருவூலமான திரட்டு நிதியிலிருந்து பணம் எடுத்து நாளாந்தச் செலவை நடத்தலாம், அவ்வளவுதான். 2020 இல் மார்ச் 2 ஆம் திகதி கலைத்த சபைக்கான தேர்தல், கொரோனாவால் ஓகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. ஐந்து மாதம் நாடு சபை இல்லாமல் இருந்தது. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே காகிதம் இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. வாக்குச்சீட்டு அச்சடிப்பதும் வாக்குப்பெட்டி கொண்டுபோக டீசல் தேடுவதும் அப்போது சின்ன விஷயங்கள் அல்ல. 2022 மே மாதத்தில் தேர்தல் நடத்தியிருந்தால் செப்டெம்பர் 1 இல் நாணய நிதியத்துடன் வந்த 290 கோடி டொலர் அதிகாரி மட்ட உடன்பாடு இன்னும் பின்னுக்குப் போயிருக்கும். இடைக்கால ஏற்பாட்டின் முடிவில் தேர்தல் வைப்பதே சரி. தொடக்கத்தில் அல்ல.

வழி 6: 40 ஆம் உறுப்புரை – சபை தானே ஜனாதிபதியைத் தெரிவு செய்வது

கடைசியில் நடந்தது இது. பதவி வெற்றிடமானால் ஒரு மாதத்துக்குள் உறுப்பினர்களில் ஒருவரைச் சபை இரகசிய வாக்கால் தெரிவு செய்ய வேண்டும். 1981 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையை வகுக்கிறது. மூன்று நாளுக்குள் சபை கூடும், வெற்றிடம் அறிவிக்கப்படும், பிறகு வேட்பு மனு, பிறகு விருப்புவரிசையோடு வாக்கு. 1993 இல் டி.பி. விஜேதுங்க இப்படித்தான் போட்டியின்றித் தெரிவானார். 2022 இல் கோட்டாபயவின் விலகல் ஜூலை 15 இல் அறிவிக்கப்பட்டது, 16 இல் சபை கூடியது, 19 இல் வேட்பு மனு, 20 இல் வாக்கெடுப்பு. ஐந்து நாள். ஜனாதிபதியை மாற்றும் வேறு எந்த வழியும் இந்த வேகத்துக்குக் கிட்டவே வராது.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வெற்றிடக் காலத்தில் பதில் கடமை பார்ப்பவர் பிரதமர், அவரும் இல்லாவிட்டால்தான் சபாநாயகர். ஜூலை 9 கட்சித் தலைவர்கள் கூட்டம் இருவரும் விலக வேண்டும், சபாநாயகர் பொறுப்பேற்க வேண்டும் என்றது. பிரதமர் விலகவில்லை. சர்வகட்சி அரசாங்கம் அமைந்து பெரும்பான்மை உறுதியானால் விலகுவேன் என்றார். மறுபடி அதே 'யார் முதலில்' சிக்கல். பதில் ஜனாதிபதியாக இருந்தபடியே வேட்பாளரும் ஆனார்.

இரகசிய வாக்கு இரண்டாவது பொறி. ரணில் 134, பெரமுனவின் அதிருப்தி அணியைச் சேர்ந்த டலஸ் அழகப்பெரும 82, ஜே.வி.பி. தலைவர் அநுரகுமார திசாநாயக்க 3. சஜித் முதல் நாள் போட்டியிலிருந்து விலகி டலஸை ஆதரித்தார், கூட்டமைப்பும் டலஸுக்கு என்று அறிவித்தது. ஆதரவு அறிவித்த கட்சிகளின் ஆசனங்களைக் கூட்டினால் 82 ஐத் தாண்டியிருக்க வேண்டும். யார் மாறி வாக்களித்தார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் இருவர் வாக்களிக்காமல் தவிர்த்தார்கள். அவர்களின் நிலைப்பாடு ஒன்றுதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதிவானது. சிறிய கட்சி இரகசிய வாக்கெடுப்பில் ஆதரவு தந்து பதிலுக்கு வாக்குறுதி பெற நினைத்தால் இதை மனதில் வைக்க வேண்டும்: ஆதரவு தந்ததை நிரூபிக்க முடியாது, ஆகவே வாக்குறுதியைக் கேட்கவும் பிடி இருக்காது.

எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்

எங்கள் கணிப்பில் ஏப்ரலிலும் மே 9–12 இடைவெளியிலும் சரியான தெரிவு மூன்றாவது வழியின் திருத்திய வடிவம். எல்லோரும் அமைச்சர்களாகும் அரசாங்கம் அல்ல. சிறிய அமைச்சரவை ஒன்று, அதற்கு எதிர்க்கட்சிகள் வெளியிலிருந்து குறித்த சில வாக்கெடுப்புகளில் மட்டும் தரும் ஆதரவு. எந்தெந்த வாக்கெடுப்பு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்: வரவுசெலவுத் திட்டம், வரிச் சட்டங்கள், கடன் மறுசீரமைப்பு, அரசியலமைப்புத் திருத்தம். மற்ற எதிலும் எதிர்க்கலாம்.

இது கற்பனை இல்லை, எழுதாமலேயே பாதி நடந்தது. 2022 செப்டெம்பர் 2 இல் இடைக்கால வரவுசெலவுத் திட்டம் 5 பேர் மட்டுமே எதிர்க்க நிறைவேறியபோது ஐக்கிய மக்கள் சக்தி எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்றது. ஒக்டோபர் 21 இல் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்கும் 21 ஆம் திருத்தம் 179 வாக்கோடு நிறைவேறியது, எதிர்த்தவர் ஒருவர். அதே கட்சிகளை அமைச்சரவைக்கு அழைத்தபோது வரவில்லை. செப்டெம்பரில் அமைத்த, கட்சிகள் சேர்ந்த பாராளுமன்றக் குழுவான 'தேசிய சபை'யிலிருந்தும் பிரதான எதிர்க்கட்சிகள் ஒதுங்கி நின்றன. வாக்குத் தர ஆயத்தமாக இருந்தவர்கள் நாற்காலியில் உட்கார ஆயத்தமாக இல்லை. ஏப்ரலிலேயே நாற்காலிப் பேச்சை விட்டுவிட்டு வாக்குப் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உள்ளே போகாமல் நின்றது கட்சிகளுக்கு இலாபமாகவும் இருந்தது. 3 ஆசனத்தோடு வெளியே நின்ற தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 159 ஆசனம் பெற்றது. விலை உயர்வுக்கும் வரிக்கும் கையெழுத்திட்ட ரணில் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 17 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்தார். இந்தக் கணக்கு எல்லாக் கட்சித் தலைவருக்கும் ஏப்ரலிலேயே தெரியும். நாட்டுக்காக இதை மறந்துவிடுங்கள் என்று கெஞ்சுவதால் ஒன்றும் நகராது. மின்வெட்டு 13 மணித்தியாலம் போன நாட்களில்கூட நகரவில்லை. பழியைப் பிரித்துச் சுமக்க வழி செய்தால்தான் நகரும்.

ஆவணத்தில் எழுத வேண்டியவை சில. ஜனாதிபதியின் விலகல் திகதியும் புதிய பிரதமரின் சத்தியப்பிரமாணமும் ஒரே பத்தியில், ஒன்று நடக்காவிட்டால் மற்றதும் இல்லை என்று. பதில் கடமை யாருக்கு என்பது பெயரோடு. பாராளுமன்றத்தின் பொது நிதிக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு, நாணய நிதிய ஆவணங்கள் கையெழுத்தாவதற்கு முன் அந்தக் குழுவின் பார்வைக்கு. அமைச்சர் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு, அமைச்சரவைக்கு வெளியே இருக்கும் இராஜாங்க அமைச்சர்களையும் சேர்த்து. இந்தக் கடைசிச் சொற்றொடரை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 செப்டெம்பர் 8 இல் ஒரே நாளில் பதவியேற்ற 37 இராஜாங்க அமைச்சர்கள் சாட்சி.

எல்லாவற்றையும்விட, முடிவுத் திகதி. 2022 ஜூலைக்குப் பின் வந்த ஆட்சிக்கு யாரும் அப்படி ஒன்றை எழுதி வைக்கவில்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் திறைசேரி பணம் விடுவிக்காததால் நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னபோது, அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. ஆகவே தேர்தல் திகதியோடு அதற்கான நிதி ஒதுக்கீட்டையும் அதே உடன்படிக்கையில் தொகை குறித்து எழுத வேண்டும். வெளியிலிருந்து தரும் ஆதரவும் அந்தத் திகதியோடு தானாகவே முடிய வேண்டும்.